ரெண்டு பேர் பங்கு

“அங்க பாருங்க, புருஷன் கிளாஸையும் சேர்த்து இவளே குடிக்கிறா,” என்று கணவன் காதில் கிசுகிசுத்தாள் மிர்த்தா.

அன்செல்மோ பார்த்தான். மேஜைக்கு எதிர்ப்புறம் இருந்த எடெல்மீரா தன் ஒயினை முடித்துவிட்டு, ஏதோ பேசிக்கொண்டே கணவர் ஒராசியோவின் கிளாஸையும் தன் பக்கம் இழுத்து ஒரே மடக்கில் காலி செய்தாள்.

“காலையில போன ஒயின் ஆலையிலயும் இதே கதைதான்,” என்றாள் மிர்த்தா. “ பாவம், அந்த மனுஷன் வாயைத் திறக்கறதே இல்ல.”

மிர்த்தாவும் அன்செல்மோவும் கோடை விடுமுறைக்கு ரொசாரியோவிலிருந்து காரில் கிளம்பி வந்தவர்கள். ஒயினுக்குப் பேர்போன மெண்டோசாவில் சதுக்கம், அருங்காட்சியகம், ஒயின் ஆலை என்று எங்கே போனாலும் இந்த ஜோடி எதிரே வந்தது. இன்று இந்த ஆலையில் சாப்பாட்டு மேஜையே ஒன்றாகிவிட்டது.

அன்செல்மோவுக்கு மனசு கேட்கவில்லை. உபகாரம் செய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. யாரும் கேட்காத உபகாரம் என்றால் இன்னும் உற்சாகம்.

“என்ன அண்ணே, உங்களுக்கு ஒரு வாய்கூட மிஞ்ச மாட்டேங்குதே?”

“நான் வண்டி ஓட்டணும் தம்பி. எனக்கு இந்த சோடா போதும்,” என்றார் ஒராசியோ.

“வெறும் சோடாவை எவனாவது குடிப்பானா? கொஞ்சம் சிவப்பு ஒயின் விட்டுக்கணும். சோடா கலந்துட்டா அது ஒயின் கணக்கிலயே வராது. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கே எங்கப்பா ஊத்துவார்.”

அவர் வேண்டாம் என்று கை நீட்டுவதற்குள் ஊற்றிவிட்டான். சோடா இளஞ்சிவப்பாக மாறியது. ஒராசியோ அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

எடெல்மீரா எட்டி அந்தக் கிளாஸை எடுத்துக் கடகடவென்று குடித்தாள்.

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள்.

“அக்காவுக்கு தாகம் ரொம்பத்தான்,” என்றான் அன்செல்மோ.

“ஆமா தம்பி, எனக்கு எவ்வளவு இருந்தாலும் பத்தாது.” சிரித்தபடிதான் சொன்னாள். முகம் மட்டும் வெளுத்திருந்தது. எழுந்தவள் கணவரிடம் குனிந்து, “நீங்க இங்க மாட்டியிருக்கற ஓவியங்களைப் பார்க்கப் போங்களேன்,” என்றாள்.

“அந்தக் கூடத்தைச் சாப்பாட்டு நேரம் முடிஞ்சுதான் திறப்பாங்களாம். நீ போய்ட்டு வா.”

எடெல்மீரா தள்ளாடிக்கொண்டே வெளியே போனாள். மிர்த்தாவும் பின்னாலேயே போனாள். உதவி செய்யத்தான் போனாள் என்று வைத்துக்கொள்வோம்.

ஆலைக்குப் பின்னால், பாப்லர் மரங்களுக்கு அடியில் ஓடிய வாய்க்கால் ஓரமாக எடெல்மீரா மண்டியிட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“அளவோட நிறுத்தக் கூடாதா அக்கா? அந்த மனுஷனுக்கு எவ்வளவு அவமானம்?” என்றாள் மிர்த்தா.

எடெல்மீரா வாயைக் கொப்பளித்தாள். மூச்சு வாங்கியது.

“எனக்கு ஒயின் வாசனையே ஆகாதும்மா. எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட நான் தொடல.”

“பின்ன எதுக்கு இப்படி?”

“அவர் படம் வரையறவர். குடிச்சுக் குடிச்சு, பிரஷ் பிடிக்க முடியாம கை நடுங்க ஆரம்பிச்சுது. எல்லாம் போச்சுன்னு நினைச்சேன். எப்படியோ விட்டார். விட்டு மூணு வருஷம் ஆச்சு, இப்பத்தான் திரும்ப வரையறார். ஒரே ஒரு வாய் உள்ள போனாலும் பழையபடி ஆயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

மிர்த்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்படிப்பட்டவரை இங்கயா கூட்டிட்டு வருவீங்க?”

“அவருக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் போன வருஷம் இறந்துட்டார். அவர் வரைஞ்சதை எல்லாம் இந்த ஒயின் ஆலை முதலாளிங்கதான் வாங்கி ஆலைக்குள்ள மாட்டி வெச்சிருக்காங்க. கடைசியா ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துடணும்னு இவர் ஆசைப்பட்டார். அந்தப் படங்களைப் பார்க்க டிக்கெட் வாங்கினா ஒயினும் கூடவே வருது. வேணாம்னா ஏன், என்ன வியாதின்னு நாலு பேர் முன்னால கேக்கறாங்க. அவர் தலைகுனிஞ்சு நிக்க வேணாம்னுதான். நான் குடிகாரின்னு பேர் வாங்கிட்டா எனக்கென்ன குறைஞ்சுடப் போகுது?”

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் மடங்கி மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

“ஐயோ, அவர் அங்க தனியா இருக்கார். உங்க வீட்டுக்காரரோட.”

மிர்த்தா ஓடினாள்.

மேஜையில் புதிதாக ஒரு கிளாஸ், அதே இளஞ்சிவப்பு. ஒராசியோ அதைக் கையில் எடுத்திருந்தார். “அக்கா வர்றதுக்குள்ள ஒரு மடக்கு அண்ணே, நான் சொல்ல மாட்டேன்,” என்று அன்செல்மோ அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கிளாஸ் அவர் உதட்டை நெருங்கியபோது மிர்த்தா அதைப் பிடுங்கினாள். நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்து, வெறும் கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள்.

“என்னடி, அந்தம்மா வியாதி உனக்கும் தொத்திக்கிச்சா?” அன்செல்மோ வாய் பிளந்தான்.

“ஆமா. தொத்திக்கிச்சு.”

“நல்லாருக்கு. நீ ஓட்டுவேன்னுதானே நான் இவ்வளவு குடிச்சேன்? இப்ப எப்படி ஓட்டலுக்குப் போறது?”

மிர்த்தா ஒயின் பாட்டிலை அவன் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள். அவளுக்கு மூச்சு இரைத்தது.

ஒராசியோ தன் வெறுங்கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து மிர்த்தாவைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“எங்க வண்டியில வாங்க தம்பி, நான் கொண்டுபோய் விடறேன்,” என்றார். “நான் குடிக்கல.”