கையா, சீட்டா

“கையா, சீட்டா? ஒண்ணு சொல்லுப்பா,” என்றார் தேர்தல் அதிகாரி.

ஓட்டு எப்படிப் போடுவது என்று முடிவு செய்யும் கமிட்டியில் மூன்று பேர். ஒருவன் கை என்றுவிட்டான், இன்னொருவன் சீட்டு. மிச்சம் நான்.

சுமை தூக்குகிறவர்களின் சங்கத்தில் இத்தனை வருடமும் கைதான். தலைவர் மேடையில் உட்கார்ந்து, தூக்காத கைகள் யாருடையவை என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்வார்.

போன தேர்தலில் நான் தூக்கவில்லை.

மறுநாளிலிருந்து எனக்கு மூட்டை ஏற்றிவிட யாரும் வரக் கூடாது என்று உத்தரவு. ஒற்றை ஆளாக முட்டியில் ஏற்றி, இடுப்புக்குத் தள்ளி, முதுகில் சாய்த்துக்கொண்டு நடந்தேன். மூன்று வருடம். இப்போது என்னால் குனிந்து செருப்பு மாட்ட முடியாது. மகள் மாட்டிவிடுகிறாள்.

சீட்டு வந்தால் யார் போட்டது என்று தெரியாது, தலைவரைத் தொலைத்துவிடலாம் என்று கிடங்கே காத்திருந்தது. என் வாயைத்தான் நம்பியிருந்தார்கள்.

“கை,” என்றேன்.

“முதுகு போச்சுன்னு பாத்தா, ரோஷமும் போயிருச்சே இவனுக்கு,” என்றான் பின்னால் ஒருவன்.

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மாடு வழிக்கு வந்துவிட்டது என்கிற சிரிப்பு.

“இவரே தொடரணும்கிறவங்க கை தூக்குங்க,” என்றார் அதிகாரி.

எங்கள் கூட்டம் முன்வரிசையைப் பார்த்துத்தான் எதையும் செய்யும். அங்கே தலைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கிடங்கில் சிந்தும் தானியத்தைக் கூட்டி அள்ளுகிறவள், அவளும் உறுப்பினர். ஒவ்வொரு தேர்தலிலும் முதலில் எழும் கை அவளுடையது.

இன்று இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் எழப்போன ஒன்றிரண்டு கைகள் பாதி வழியில் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கின.

தலைவரின் உதடு “ஏய்” என்று அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்த முகத்தை நான் அவசரப்படாமல் பார்த்தேன்.

அதிகாரி எண்ண ஒன்றுமில்லாமல் பேனாவை மூடினார்.

நேற்று மதியம் கிடங்கின் பின்வாசலுக்கு என்னைத் தேடி வந்தவள் அவள்தான். வீங்கிய கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

“சீட்டு வேணாம்ணே. யாருன்னு அவருக்குத் தெரியாமப் போயிரும்.”