பத்துக்கு எத்தனை?

"அரிப்பு பத்துக்கு எத்தனை, அண்ணே?"

கொதிகலன் வெடித்துக் கை வெந்து, ஆறிய தழும்பு ஓயாமல் அரிக்கும் ஃபிட்டரின் தலையில், அரிப்பை அடக்குவதற்கான காந்த மெஷினை வைக்கும்போதெல்லாம் அந்த டெக்னீஷியன் பெண் கேட்பாள். எட்டு, ஐந்து, இரண்டு என்று எண் இறங்க இறங்க, தன் நோயே விட்டதுபோல அவள் முகம் மலரும்.

கடைசி நாள், "பூஜ்யம்மா!" என்றார். அவள் கைதட்டியே விட்டாள்.

டாக்டர் கூப்பிட்டார். "இது ஆராய்ச்சின்னு கையெழுத்து வாங்கும்போதே சொன்னோம்ல? பாதிப் பேருக்கு வெறும் சத்தம் மட்டும் போடுற டம்மி மெஷின். உங்களுக்கும் அதான். அதுல குணமாகாதவங்களுக்கு நாளையிலேர்ந்து நிஜ வைத்தியம். உங்களுக்குத்தான் சுத்தமா போயிடுச்சே!"

ஃபிட்டர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். கதவருகே அந்தப் பெண் பூரித்துப்போய் நின்றிருந்தாள்.

"ஆமா டாக்டர்" என்றார், மேசைக்கு அடியில் புறங்கையை ரத்தம் வரச் சொறிந்துகொண்டே.