புளி போட்டுத் தேய்ச்ச காசு

"அண்ணே... பழைய காசைப் புளி போட்டுத் தேய்ச்சா என்னண்ணே ஆகும்?"

மங்கையர்க்கரசி கேட்டதும் நான் சிரிச்சுட்டேன். "பளபளன்னு ஆகும். வேற என்ன ஆகும்?"

"அந்தக் கடைக்காரர் அப்படிச் சொல்லலியே..."

புனேல மூணு நாள் நாணயக் கண்காட்சி, அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கடைசி நாள். எனக்கும் மொத தடவை, மங்கைக்கும் மொத தடவை. நிக்டியில எங்க மாடி வீட்டுல இருக்கிற அவ புருஷன் பாலச்சந்திரன்தான் எங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டு வந்திருந்தாரு. மனுஷனுக்குக் காசுன்னா உசுரு. செல்ற காசு இல்ல, செல்லாத காசு.

மங்கை காட்டின கடைக்காரர், காசு விக்க வந்த ஒரு காலேஜ் பொண்ணை ஹிந்தில கிழிச்சுத் தொங்கவிட்டுக்கிட்டு இருந்தாரு. மங்கைக்கு ஹிந்தி அரைகுறை. நான் மூக்கைப் பொத்திக்கிட்டு அவரு குரல்லயே தமிழ்ல எடுத்துவிட்டேன்.

"கழுவினியா? கழுவினியா? அடிப்பாவி, காசு செத்துப்போச்சே! மேல படிஞ்ச கருப்புலதான் அதோட வயசே இருக்கு. அதைத் தேச்சு எடுத்துட்டா இனிமே அது வெறும் தகரம்!"

மத்த நேரமா இருந்தா மங்கை விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. இப்ப மூஞ்சி வெளுத்துப்போச்சு.

"செத்தேண்ணே. வெள்ளிக்கிழமை வெளக்கு தேய்ச்சேன். புளி மிச்சம் இருந்துச்சு. நாலு பேரு பாக்கற எடத்துல இவரு அழுக்குக் காசை நீட்டணுமான்னு, டப்பாவைத் தொறந்து இருபத்தாறையும் தேச்சுட்டேன்."

"இருபத்தாறுமா?"

"நார் போட்டுண்ணே!"

எல்லாம் சிவாஜி மகாராஜா காலத்துச் செப்புக்காசு. இருபது வருஷமா ஜூனா பஜார் பழைய சாமான் சந்தை வெயில்ல குந்திக்கிட்டு, துருப்பிடிச்ச பூட்டுக்கும் ஓட்டை டார்ச்சுக்கும் நடுவுல மனுஷன் ஒண்ணொண்ணாப் பொறுக்கினது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இங்க நின்னு பேசிக்கிட்டு இருப்பேனா?"

அதுவும் சரிதான். ஒரு தடவை, பழைய காசைப் பத்தி அவரு வெச்சிருந்த புத்தகத்தைத் தெரியாம, பழைய பேப்பர் வாங்கற பங்கார்வாலாகிட்ட எடைக்குப் போட்டுட்டா. பத்து நாள் அவகிட்டப் பேசல. ரசத்துல உப்பு பத்தலைன்னாகூட எனக்குப் போன் போட்டு, "அவகிட்டச் சொல்லுப்பா"ம்பாரு. ஒரு புத்தகத்துக்கே அப்படி!

"பேசாம இப்பவே சொல்லிடு மங்கை."

"முடியாதுண்ணே."

"ஏய், அங்க என்ன மாநாடு? வாங்க இங்க!"

பாலச்சந்திரன் வேற ஒரு கடை முன்னாடி நின்னு கூப்பிட்டாரு. கடைக்காரர் பேரு மாதவ். கண்ணுல ஒரு பூதக்கண்ணாடி, வாயில பாக்கு. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள பைலேருந்து டப்பா வெளிய வந்தாச்சு. பக்கத்துல மங்கை, முருகா முருகான்னு முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டா.

டப்பா தொறந்துச்சு. அப்பப்பா! இருபத்தாறும் கார்த்திகை தீபமா ஜொலிக்குது.

"அட, என்ன இது இப்படி மினுக்குது?"ன்னு பாலச்சந்திரன் பொண்டாட்டி பக்கம் திரும்பினாரு.

"ஏங்க... நான் வந்து... நான்தான்..."

"மினுக்கும், மினுக்கும்"னு மாதவ் ஹிந்தில குறுக்கப் புகுந்தாரு. "டூப்ளிகேட்டு மினுக்காம என்ன பண்ணும்?"

"டூப்ளிகேட்டா?"ன்னாரு பாலச்சந்திரன்.

மாதவ் ஒண்ணை எடுத்துத் திருப்பிப் பாத்துட்டு டப்பாவுலயே போட்டாரு. "அத்தனையும் நகல். பட்டறைல அச்சு வெச்சு அடிக்கிறாங்க. வீட்டுல கொழந்தைங்க இருந்தா வெளையாடக் குடுங்க." நான் அதை மங்கைக்குத் தமிழ்ல சொன்னேன்.

மங்கை என் காதுக்குள்ள வந்துட்டா. "கழுவினதால கெட்டுப்போச்சான்னு கேளுங்கண்ணே."

கேட்டேன்.

"நகலை எதுல கழுவினா என்ன? ஆசிட்லகூடக் கழுவிக்கோ தாயி!"

அவ விட்டா பாருங்க ஒரு மூச்சு! மேஜை மேல இருந்த வெலைச் சீட்டெல்லாம் பறந்துச்சு. அடுத்த நிமிஷம் பொண்ணு இடுப்புல கை வெச்சாச்சு.

"ஏங்க, இருபது வருஷமா போலியையா பொறுக்கினீங்க? இதுக்கு பீரோல ஒரு தட்டு வேற! நாளைக்கே அங்க என் பொடவையை அடுக்கறேன்."

பாலச்சந்திரன் தலையைச் சொறிஞ்சாரு. "நல்லா ஏமாந்துட்டேன் போலருக்கு மங்கை."

"போனாப் போவுது, விடுங்க. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. வாங்க, வடாபாவ் வாங்கித் தரேன்."

கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயே போயிட்டா. அவ தப்பிச்சதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அந்த மனுஷன் டப்பாவை அக்குள்ல இடுக்கிக்கிட்டு தலை குனிஞ்சு போனதைப் பாத்தா மனசு கேக்கல. மாதவ்கிட்டத் திரும்பி, எனக்குத் தெரிஞ்ச ஹிந்தில சண்டைக்கு நின்னேன்.

"ஏன் சாப், பொண்டாட்டி முன்னாடியா ஒருத்தர் மானத்தை வாங்கறது? தனியாக் கூப்பிட்டு நகல்னு சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

மாதவ் பூதக்கண்ணாடியைக் கழட்டிக் கீழ வெச்சாரு.

"இருபத்தாறும் அசல், சாப். நேத்து சாயங்காலம் அவரு இதே டப்பாவோட தனியா வந்தாரு. 'எம் பொண்டாட்டி ஆசையாத் தேச்சு வெச்சிருக்கா. விஷயம் தெரிஞ்சா ஆயுசுக்கும் அழுவா. நாளைக்குக் கூட்டிக்கிட்டு வரேன், எல்லாம் போலின்னு அவ முன்னாடியே அடிச்சுச் சொல்லிடுங்க'ன்னு என் கையைப் புடிச்சுக் கெஞ்சினாரு."