வலது சக்கரத்தின் அடியில்

பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து சுழன்றன. வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

என்னால் நம்ப முடியவில்லை. நேற்று இதே சரிவில் இதே வண்டி, மூச்சுக்கூட வாங்காமல் ஏறிப் போனது.

விடிந்தும் விடியாத நீல வெளிச்சம். ஜனவரி முழுக்க எங்கள் காலை இப்படித்தான் இருக்கும். பாதித் தூக்கத்தில் எழுந்து வந்ததுபோல. ஏரி எது, கரை எது, வானம் எது என்று தெரியாது. எங்கும் சத்தமில்லை. என் சக்கரங்கள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

கண்ணாடியில் பார்த்தேன். சரிவின் அடியில் பார்ப்ரூவின் வீட்டுக் கதவு திறந்தது. மணல் வாளியோடு அவள் வந்துகொண்டிருந்தாள்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவளைக் கண்டதும் அந்தக் குளிரிலும் உடம்பெல்லாம் சூடு பரவியது.

ஏரிக்கரையில் அவள் வீடும் என் வீடும்தான். சாலைக்கு ஏற இருவருக்கும் இந்த ஒரு சரிவு. அதன் வலது ஓரம் குளிர்காலம் முழுக்க ஐஸ் பிடித்துக் கிடக்கும். அடியில் ஏதோ ஊற்று கசிகிறது என்று நினைத்திருந்தேன். இடது பக்கம் நல்ல சரளை.

என் வண்டிக்குப் பின்சக்கரத்தில்தான் இழுவை. இரண்டு சக்கரத்துக்கும் பலத்தைப் பங்கிடும் அதன் பழைய டிஃபரென்ஷியலுக்கு ஒரு கெட்ட குணம். எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ, அதற்கே எஞ்சினின் பலத்தையெல்லாம் தாரை வார்த்துவிடும். வலது சக்கரம் ஐஸில் சும்மா சுற்றும். கெட்டித் தரையில் நிற்கும் இடது சக்கரம் வேடிக்கை பார்க்கும்.

அப்போது பார்ப்ரூ வருவாள். வலது சக்கரத்தின் அடியில் மணலைக் கொட்டுவாள். தோளைக் கொடுத்துத் தள்ளுவாள்.

“இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி,” என்பேன். அவள் உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுப்பாள். எங்கள் பக்கத்தில் ‘ஆமாம்’ என்பது அதுதான். வாயைத் திறந்து சொன்னால் சூடு வீணாகிவிடும்.

மூன்று குளிர்காலமாக எங்களுக்குள் இருந்தது இவ்வளவுதான். காரணமில்லாமல் யாரும் யார் கதவையும் தட்டாத ஊர் இது. அந்த வாளி வராவிட்டால் அவளோடு எனக்குப் பேச்சே இல்லை.

அதைக் கெடுத்துக்கொண்டவன் நானே.

போன வாரம் தள்ளி முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். “தினமும் தள்ளித் தள்ளி என் இடுப்பே போச்சு, எலோஃப். உன் வண்டிக்கு என்னதான் வேணுமாம்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மரமண்டை எனக்கு இடுப்பு மட்டும்தான் காதில் விழுந்தது. அடுத்தவருக்குப் பாரமாக இருப்பதைவிடப் பெரிய பாவம் எங்கள் ஊரில் கிடையாது. புதுசு மாட்டிவிடுவதாக அவளிடம் சொல்லிவிட்டு, அன்றே நண்பன் தாகேயின் பட்டறைக்குப் போய்விட்டேன்.

தாகே ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில் கிடந்தான். பழையதைக் கழற்றிவிட்டு, உமேயோ நகரத்திலிருந்து வரவழைத்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலை மாட்டினான்.

“இனிமே ஒரு பக்கம் வழுக்கினாலும் மறுபக்கம் விடாதுடா. புடிச்சு இழுத்துரும். உனக்கு ஒருத்தர் தயவும் வேண்டாம்,” என்றான், கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தபடி.

சொன்னபடியே நேற்று இழுத்தது. இடது சக்கரம் சரளையைப் பற்றிக்கொள்ள, வண்டி கனவில் போவதுபோல மேலே போனது. கண்ணாடியில் பார்ப்ரூ வாளியோடு தன் வாசலில் நின்றாள். கையசைத்தேன். அவள் அசைக்கவில்லை. சிறுத்துக்கொண்டே போய், அந்த நீலத்தில் கரைந்துவிட்டாள்.



இன்று இரண்டு சக்கரமும் சுழல்கின்றன.

கதவைத் திறந்து இறங்கினேன். கால் வழுக்கியது. நேற்று வரை பூட்ஸுக்கு அடியில் நறநறத்த இடது பக்கம், இன்று வழவழவென்று ஐஸ்.

ஒரு வாரமாக எதுவும் உருகவில்லை. மழையும் இல்லை. எந்த ஊற்றும் ஒரே நாளில் பாதையைத் தாண்டி வராது.

பார்ப்ரூ பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. வாளிக்குள் மணல் இருந்தது. வாளியின் வெளிப்பக்கத்தில், வழிந்த தண்ணீர் விரல் விரலாக உறைந்திருந்தது.

அவள் வீட்டுப் பின்வாசலிலிருந்து சரிவு வரைக்கும், பனியின் மேல் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு மினுங்கியது.

அந்தக் கோட்டை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். கன்னம் சிவந்துவிட்டது. குளிருக்குத்தான் என்பதுபோலக் கையுறையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

“புதுசு மாட்டியும் நிக்குதே?” என்றாள், சக்கரத்தைப் பார்த்து.

“தாகே ஏதோ சொதப்பிட்டான் போல.” தாகே என்னை மன்னிக்கட்டும்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். ஏரியின் மேல் வெளிச்சம் கொஞ்சம் கூடியிருந்தது.

“பழசையே மாட்டச் சொல்லிரட்டுமா, பார்ப்ரூ? ஒரு பக்கத்துக்குன்னா ஒரு வாளித் தண்ணி போதும். இடுப்பும் பொழைச்சுக்கும்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உதட்டைக் குவித்து, மூச்சை உள்ளே இழுத்தாள்.