துரத்த ஒரு ஆள்

பத்து ஊர் தாண்டி ஓடும் பந்தயத்துக்கு ஒரு வெள்ளாட்டுக் கிடா பேர் கொடுத்துவிட்டது. வேலி தாண்டியதைத் தவிர அது ஓடியதே இல்லை.

"யாராச்சும் துரத்தினாத்தாண்ணே எனக்குக் கால் நகரும்," என்றது பக்கத்து வீட்டு நாயிடம்.

"அவ்வளவுதானே தம்பி? நான் துரத்துறேன்."

தினமும் விடியலில் நாய் துரத்தியது, கிடா ஓடியது. பந்தயத்தன்று இரண்டும் ஓடின வேகத்தில் ரோட்டோரப் புளியமரம் சாய்ந்தது, இன்னும் நிமிரவில்லை. எல்லோரையும் முந்தி எல்லைக்கோட்டை நெருங்கும்போது நாய் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டது. கிடாவும் நின்றுவிட்டது.

"எந்திரிங்கண்ணே! நீங்க துரத்தாம நான் எப்படி ஜெயிக்கிறது?"

"முடியலடா. நீ போ."

ஆத்திரத்தில் கிடா பின்னாலிருந்து ஒரு முட்டு முட்டியது. நாய் அலறியடித்துக்கொண்டு ஓடிக் கோட்டைத் தாண்டியது. வெற்றி மாலை நாயின் கழுத்தில் விழுந்தது.

"ஜெயிச்சிட்டீங்களேண்ணே!" என்று கிடா மெல்ல நடந்துபோய், கழுத்தோடு உரசிக்கொண்டே மாலையைத் தின்றுவிட்டது.