கடைசிக் கையெழுத்து

"கையெழுத்தெல்லாம் போட முடியாது. போய் வெங்காயத்தாளை நறுக்குங்க, மாஸ்டர்" என்று காகிதத்தைத் தள்ளிவிட்டாள் சுமாலி.

ஷிகேரு நகரவில்லை. "நறுக்கியாச்சு, முதலாளியம்மா. நீங்க போட்டுத்தான் ஆகணும்."

மதியக் கூட்டம் கலைந்து, தாய்லாந்தின் சியாங்மாய் நகரில் அந்தச் சின்ன நூடுல்ஸ் கடையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. பதினோரு வருடமாக, வேலை விசாவைப் புதுப்பிக்கும் மாதம் வந்தால் இந்த ஜப்பான்காரர் ஒரு காகிதக் கட்டோடு வந்து நிற்பார். சுமாலி பக்கத்துக்குப் பக்கம் நீல மையில் கையெழுத்துப் போட்டுக் கடை முத்திரையைக் குத்துவாள். இந்த வருடம் வந்தது ஒரே காகிதம். இவரை வேலையிலிருந்து விடுவிக்கிறேன் என்று அவள் ஒப்புக்கொள்ளும் காகிதம்.

"போன வாரம் எனக்கு ஐம்பது முடிஞ்சுது. ஐம்பது ஆனா ஓய்வு விசா கேக்கலாம். எல்லாம் தயார். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"ஐம்பது வயசுல என்ன ஓய்வு வேண்டிக்கிடக்கு? எங்கப்பா எழுபத்தெட்டு வயசுல வயல்ல இறங்கி நாத்து நடுறாரு."

"அவருக்கு விசா தேவையில்ல."

"சரி, எந்தக் கடைக்காரன் ஆசை காட்டினான்? அதைச் சொல்லுங்க."

"ஓய்வு விசாவுல எந்தக் கடையிலயும் வேலை பார்க்கக் கூடாது. கரண்டியைத் தொட்டாக்கூடப் பிடிச்சு ஊருக்கு அனுப்பிடுவாங்க. நாளையிலேருந்து அதோ, அந்த மூணாம் நம்பர் மேஜையில உக்காந்து சாப்பிடுவேன். சூப் நல்லா இல்லைன்னா, நல்லா இல்லைன்னு சொல்லுவேன்."

"கொழுப்புதான் உங்களுக்கு."

சூப் போனால் போகட்டும். புருஷன் செத்து, கடையை மூடிவிடலாம் என்று இருந்தவளை நிமிர்த்தி உட்கார வைத்த மனுஷன் இவர். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது அந்தப் பக்கம் பிடிக்க இவர் இருக்க மாட்டாரே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அழுகை வந்தது. அழுதால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று கத்தினாள்.

"பக்கத்து மசாஜ் கடை ஜிந்தனாவைக் கட்டின வெளிநாட்டுக்காரன் என்ன பண்ணினான்? அவளை வெச்சு விசா முத்திரை விழுந்த மறு மாசமே கம்பி நீட்டிட்டான். உங்களுக்கெல்லாம் எங்க கையெழுத்துதான் வேணும். நாங்க வேணாம்."

"நாலு வருஷம் முன்னாடி, அவன் ஓடின அன்னிக்கும் இதே கல்லாவுல உக்காந்து இதையேதான் சொன்னீங்க. நான் மறக்கல."

"உண்மையைச் சொன்னா சுடத்தான் செய்யும்."

"சுட்டுச்சு. அதனாலதான் கேக்கிறேன். போடுங்க."

சுமாலி பேனாவைப் பிடுங்கினாள். காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

"இந்தாங்க. ஒழிஞ்சுது."

ஷிகேரு மையை ஊதிக் காயவைத்தார். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்துக் கல்லா மேல் மடித்து வைத்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இனிமே இந்த நாட்டுல நான் இருக்க உங்க தயவு வேண்டாம். சரிதானே?"

"வேண்டாம். நல்லா இருங்க."

"முத்திரைக்காக ஒட்டிக்கிட்டவன்னு என்னை யாரும் சொல்ல முடியாது. நீங்ககூட."

"சொல்ல மாட்டேன். கிளம்புங்க."

அவர் கிளம்பவில்லை. சட்டைப் பையிலிருந்து, நாலாக மடித்து மடித்து ஓரம் நைந்துபோன இன்னொரு காகிதத்தை எடுத்து அவள் முன் விரித்தார். அது மாவட்ட அலுவலகத்தின் திருமணப் பதிவு விண்ணப்பம். மாப்பிள்ளையின் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது.

"நாலு வருஷமா ஐம்பது வயசுக்குக் காத்திருந்தேன். இதுல மட்டும் நீங்க போட்டுத்தான் ஆகணும்னு சொல்ல மாட்டேன், சுமாலி."