விளக்குப் போடத் தெரியாத பெண்

“அந்தப் பொண்ணுக்கு விளக்குப் போடத் தெரியல மேடம். வேற ஆளைப் பாருங்க.”

நான் சொன்னதும் மேனேஜர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். “யாரு, நம்ம லைட் பொண்ணா? நல்லாத்தானே பண்ணுது?”

“நாடகம் முழுக்க நல்லாத்தான் பண்ணுது. முடிஞ்சதும் அரங்க விளக்கைப் போடணுமா, இல்லையா? போட மாட்டேங்குது. ஜனங்க இருட்டுல ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிச்சுக்கிட்டு நிக்கறாங்க. மேல உக்காந்து தூங்குதோ, போனை நோண்டுதோ, யார் கண்டா?”

எங்களுடையது கோடையில் மட்டும் நடக்கும் நாடக அரங்கம். டிக்கெட் கிழிப்பவர், இருக்கை காட்டுபவர், லைட், சவுண்டு, எல்லாருமே சீசன் ஆட்கள். அரங்க சூப்பர்வைசரான நானும் சீசன் ஆள்தான். ஆனால் அதை யாராவது ஞாபகப்படுத்தினால் எனக்குப் பிடிக்காது. கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் டார்ச்சோடு, கட்டடத்தையே நான்தான் கட்டினேன் என்பது போல நடப்பேன்.

இருக்கை காட்டும் பிள்ளைகளுக்கு அடிக்கடி பாடம் வேறு எடுப்பேன். “நாடகம் பார்க்கறது நம்ம வேலை இல்ல. மேடையில யார் செத்தாலும் நம்ம முகத்துல ஒண்ணும் தெரியக் கூடாது.” அவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள். என்மேல் உள்ள பயம் என்று நினைத்துக்கொள்வேன்.

மேனேஜர் அம்மா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வயர் ஒட்டும் கறுப்பு டேப்பைக் கையில் வளையலாக மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏம்மா, நாடகம் முடிஞ்சதும் லைட் போட என்ன கஷ்டம்?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“கஷ்டம் ஒண்ணும் இல்ல மேடம்.”

“அப்புறம் ஏன் லேட்டு?”

அவள் கையிலிருந்த டேப்பை உருட்டினாள்.

“பாருங்க, ஒரு காரணம்கூடச் சொல்லத் தெரியல,” என்றேன், வக்கீலுக்குப் படித்தவன் மாதிரி.

“இந்த வேலையை நம்பித்தான் மேடம் இங்க வந்து ரூம் எடுத்திருக்கேன். இனிமே உடனே போட்டுடறேன்.”

“இன்னிக்கு நானே வந்து நின்னு பார்க்கறேன். மறுபடியும் இருட்டுன்னா, நாளைக்கு வேற ஆள்தான்.”

ஊரையே திருத்திவிட்ட திருப்தியோடு நான் வெளியே வந்தேன்.

அன்று அரங்கம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சி. எப்போதும் போல நான் பக்கவாட்டுக் கதவருகே நின்றேன். விளக்கு வந்ததும் கதவைத் திறந்துவிட வேண்டும்.

மேடையில் அப்பா, ஊரை விட்டுப் போகும் மகளின் பெட்டியை வாசல் வரை தூக்கிவந்தார். போகாதே என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, “போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணும்மா” என்றார். என் மகளை வண்டி ஏற்றிவிடப் போனபோது, “டிக்கெட்டைப் பத்திரமா வை” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாத ஆள் நான்.

மேடை இருண்டது. திரை விழுந்தது. கைதட்டல் ஓயும் முன்பே, பளிச்!

அரங்கம் முழுக்க வெளிச்சம். எழுந்தவர்கள் என் கதவுப் பக்கம் திரும்பினார்கள். அப்படியே நின்றுவிட்டார்கள்.

நான் அழுதுகொண்டிருந்தேன். கண்ணோரத்தில் கௌரவமாக ஒரு துளி என்றால்கூடப் பரவாயில்லை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க, டையின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன்.

“அம்மா, அந்த அங்கிளும் நாடகத்துல வர்றாரா?” என்று ஒரு குழந்தை சத்தமாகக் கேட்டது.

சட்டென்று விளக்குகள் அணைந்தன.

மறுபடியும் அதே இருட்டு. நான் வாய் ஓயாமல் திட்டிய இருட்டு. அவசர அவசரமாக முகத்தைத் துடைத்து, மூக்கைச் சிந்தி, டையை நேராக்கினேன். நேராக்கிய மறு நொடி விளக்கு வந்தது.

எக்ஸிட் விளக்கு என் தலைக்கு மேலேயே எரிந்துகொண்டிருந்தது. எதிரே, மாடியில், லைட் அறையின் கண்ணாடி. அங்கிருந்து பார்த்தால் என் முகம் எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் நான் டையை நேராக்கிய பிறகுதான் விளக்கு வந்திருக்கிறது!

கூட்டம் கலைந்ததும் மேனேஜர் அம்மா விறுவிறுவென்று வந்தார். “என்ன கூத்து இது? போட்டு, அணைச்சு, மறுபடி போட்டு... எங்க அந்தப் பொண்ணு?”

அவள் படியிறங்கி வந்தாள். “கை தவறிடுச்சு மேடம்.”

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வேலையே போகிற நேரத்திலும் என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருக்கை காட்டும் பிள்ளைகள் வேறு சுற்றி நின்றார்கள். நிற்கட்டும்.

“கை தவறல மேடம். நான்தான் தினமும் அழறேன். நான் முகத்தைத் துடைச்சு முடிக்கட்டும்னுதான் இந்தப் பொண்ணு விளக்கைப் போடாம காத்திருக்கு. அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க.”

மேனேஜர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அவர் கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

“நாளையிலேருந்து இன்னும் கொஞ்சம் லேட்டாவே போடும்மா,” என்றார். “நானும் பின்னாடிதான் நிப்பேன்.”